எத்தனை போர்வை?

இரவு 11.40. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தவளுக்கு முதுகுத்தண்டு நெடுகச் சில்லென்று ஏதோ ஓடியது. எழுந்து மின்விசிறியை நிறுத்தினேன், போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது, பற்கள் தந்தியடிக்க ஆரம்பித்துவிட்டன. அப்புறம் தாடை, தோள், தொடை என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டு மொத்த உடம்பும் வெடவெடவென்று ஆடியது. ஆடியது என்று எழுதுவதே குறைவு. தூக்கித் தூக்கிப் போட்டது. கட்டில் கால் தரையில் தடதடக்கும் சத்தத்தில்தான் என் கணவர் விழித்தார்.

"என்னாச்சு? கெட்ட கனவா?"

"கு... கு... குளிருது." இதைச் சொல்லி முடிப்பதற்குள் நாக்கை இரண்டு முறை கடித்துக்கொண்டேன்.

இன்னொரு போர்வை வந்தது. அதன்மேல் ஒரு கனத்த கம்பளி. கடைசியில் அவரே என் கால் இரண்டையும் அமுக்கிப் பிடித்துக்கொண்டார். நடுக்கம் நிற்கவில்லை. நிறுத்த வேண்டும் என்று பல்லைக் கடித்து, கை விரல்களை இறுக்கிப் பார்த்தேன். ஒரு நொடி அடங்குவதுபோல் போக்குக் காட்டிவிட்டு இரண்டு மடங்காகத் திரும்பியது. என் உடம்பு, ஆனால் என் பேச்சைக் கேட்கவில்லை. வலியைவிட இதுதான் பயமாக இருந்தது.

தெர்மாமீட்டரை வாயில் வைக்க முடியவில்லை, அக்குளில் வைத்தார். 98.9.

"காய்ச்சலே இல்லையே," என்றார். அவர் குரலில் அப்படி ஒரு நிம்மதி. "எதையாவது நினைச்சுப் பயந்துட்டியா?"

எனக்கும் அந்த எண் நிம்மதியாகத்தான் இருந்தது. அதை நம்பித்தான் நாங்கள் அந்த இரவு முழுவதையும் வீணடித்தோம்.

நடுக்கம் 35 நிமிடம் போல நீடித்துத் தானாகவே நின்றது. அடுத்த அரை மணியில் உடம்பு அனலாகக் கொதித்தது. போர்த்தியதை எல்லாம் உதறித் தள்ளினேன். இப்போது அளந்தால் 103.4. பாராசிட்டமால் ஒன்று போட்டேன். மூன்று மணிவாக்கில் வியர்த்துக் கொட்டித் தலையணை நனைந்தது, காய்ச்சல் இறங்கியது, ஏதோ பெரிய வேலையை முடித்த மாதிரி ஓர் அசதி. சரி, வந்தது போய்விட்டது என்று தூங்கிவிட்டேன். இரண்டு நாளாகச் சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் இருந்ததையும், வலப்பக்க விலாவுக்குக் கீழே முதுகில் ஒரு வலி இருந்ததையும் இதனோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றவே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தே வேலை பார்ப்பதால் வரும் வலி என்று அதற்கு ஏற்கெனவே ஒரு காரணம் வைத்திருந்தேன்.

விடிந்ததும் வாந்தி. மருத்துவமனைக்குப் போனோம். வாசலில் வெப்பம் பார்த்தவர் 99.4 என்று குறித்து, பக்கத்தில் 'காய்ச்சல் இல்லை' என்று எழுதி, வரிசையில் உட்காரச் சொன்னார். முதல் நாள் இரவு என் வீட்டில் நடந்த அதே தப்பு, இந்த முறை சீருடையோடு. ஆனால் அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

உள்ளே இருந்த டாக்டருக்கு என் மகள் வயதுக்குக் கொஞ்சம்தான் கூட இருக்கும். நடந்ததைச் சொன்னேன். அவர் முதலில் கேட்டது: "அப்ப நினைவு இருந்துச்சா? கேட்டதுக்குப் பதில் சொல்ல முடிஞ்சுதா?" முடிந்தது என்றேன். அடுத்த கேள்விதான் விநோதமாக இருந்தது.

"எத்தனை போர்வை போர்த்தினீங்க?"

"மூணு."

"மூணு போர்த்தியும் நிக்கலையா?"

"நிக்கலைங்க."

எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டு நர்ஸை அழைத்தார். பத்து நிமிடத்தில் இரண்டு கையிலிருந்தும் தனித்தனியாக ரத்தம் எடுத்து, சின்னச் சின்னப் பாட்டில்களில் நிரப்பி, கிருமி வளர்கிறதா என்று பார்க்க அனுப்பிவிட்டார்கள். சிறுநீரும் போனது. கையோடு நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏறத் தொடங்கியது. சிறுநீர்ப்பையில் இருந்த தொற்று மேலேறிச் சிறுநீரகத்தைப் பிடித்து, அங்கிருந்து ரத்தத்துக்குள்ளும் இறங்கியிருக்கிறது. ஈ.கோலி. குடலில் சாதுவாகக் குடித்தனம் நடத்தும் பாக்டீரியாதான், இடம் மாறினால் குணம் மாறிவிடுகிறது.

படுக்கையில் கிடந்த நாட்களில் எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் மண்டையைக் குடைந்தது. உடம்பு 98.9-இல் இருக்கும்போது எதற்காக அப்படிக் குளிர வேண்டும்? அறை குளிரவில்லை. நானும் குளிர்ந்து போகவில்லை. குளிர்ந்ததாக எனக்குத் தோன்றியது, அவ்வளவுதான்.

நம் மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ் என்று ஒரு சிறு பகுதி இருக்கிறது. உடம்பு எவ்வளவு சூட்டில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும் இடம் அது. வழக்கமாக 37 டிகிரி செல்சியஸ், அதாவது 98.6 ஃபாரன்ஹீட் அளவில் அது திருப்தியாக இருக்கும். கிருமி உள்ளே புகுந்ததும் நோய் எதிர்ப்பு அணுக்கள் இன்டர்லூக்கின் போன்ற சில ரசாயனங்களை வெளியிடுகின்றன. அவை மூளை அருகே புரோஸ்டாகிளாண்டின் ஈ2 என்ற இன்னொன்றைச் சுரக்கவைக்கின்றன. அது ஹைப்போதலாமஸிடம் போய்ச் சொல்வது இதுதான்: 37 போதாது, 39.5 வேண்டும்.

இந்த ஆணை வந்த நொடியில் உடம்பு இன்னும் 37-இல்தான் நிற்கிறது. கணக்குப்படி இரண்டரை டிகிரி கடன். மூளைக்கு அந்தக் கடன்தான் தெரிகிறது, அதைக் 'குளிர்' என்று நமக்குச் சொல்கிறது. உடனே கடனை அடைக்கும் வேலை ஆரம்பம். தோலில் இருக்கும் ரத்தக் குழாய்கள் சுருங்கி, சூடு வெளியே போகும் வாசலை அடைக்கின்றன. அதனால்தான் அந்நேரம் கை கால் சில்லிட்டு, நகம் வெளுத்துப் போகிறது. மயிர்க்கால்கள் நிமிர்கின்றன. இதெல்லாம் போதாது என்னும்போது தசைகள் இறங்குகின்றன. ஒன்றையும் தூக்காமல், எங்கும் நகராமல், சும்மா சுருங்கி விரிந்துகொண்டே இருந்தால் செலவாகும் சக்தி முழுவதும் சூடாகத்தானே மாற வேண்டும்? சும்மா படுத்திருக்கும்போது உண்டாகும் சூட்டைப்போல ஐந்து மடங்கு வரை இந்த நடுக்கத்தால் உண்டாக்க முடியும். மறுநாள் எனக்கு உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல் வலித்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

39.5-ஐத் தொட்டதும் கடன் தீர்ந்தது, நடுக்கம் நின்றது. பிறகு மாத்திரையோ உடம்போ அந்த ஆணையைத் திரும்பப் பெறும்போது நிலைமை தலைகீழ். இப்போது இரண்டரை டிகிரி கூடுதல். அதைத் தீர்க்க வியர்வை. குளிர், கொதிப்பு, வியர்வை மூன்றும் தனித்தனி நோய்க்குறிகள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரே கணக்கின் மூன்று வரிகள்தான் அவை.

இப்போது அந்த 98.9-ஐத் திரும்பப் பாருங்கள். தெர்மாமீட்டர் பொய் சொல்லவில்லை, அந்த நிமிடத்தின் உண்மையைத்தான் சொன்னது. ஆனால் நடுக்கம் என்பது ஏறப்போகும் காய்ச்சல். மலையடிவாரத்தில் நிற்பவனின் உயரத்தை அளந்துவிட்டு இவன் மலையேறவில்லை என்று சொன்ன மாதிரிதான் நாங்கள் செய்தது. நடுங்கும்போது ஒருமுறை அளந்தால் போதாது. அரை மணி, ஒரு மணி கழித்து மறுபடி அளக்க வேண்டும். அக்குளில் அளப்பது இந்த நேரத்தில் இன்னும் குறைத்துக் காட்டும், தோல்தான் சில்லிட்டுக் கிடக்கிறதே.

இன்னொன்றும் அப்போது புரிந்தது. நடுங்குகிறவர்களைக் காய்ச்சல் வந்துவிடும் என்று ஈரத்துணியால் துடைப்பது, அவர்கள் கடனை இன்னும் கூட்டுவதுதான். மூளை 39.5 கேட்கும்போது வெளியிலிருந்து குளிர்வித்தால் தசைகள் இன்னும் மூர்க்கமாக ஆடும். குளிரும்போது போர்த்திவிடலாம். கொதிக்க ஆரம்பித்ததும் எடுத்துவிட வேண்டும். பாராசிட்டமால், ஆஸ்பிரின் எல்லாம் அந்த ஆணை உண்டாகும் இடத்திலேயே கைவைப்பவை. ஆஸ்பிரின் புரோஸ்டாகிளாண்டின் உண்டாவதைத் தடுக்கிறது என்று பிரிட்டிஷ் மருந்தியல் அறிஞர் ஜான் வேன் 1971-இல்தான் காட்டினார், அதையும் சேர்த்து 1982-இல் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முன்னால் எழுபது வருடத்துக்கு மேலாக, எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமலே உலகம் அதை விழுங்கியிருக்கிறது. (ஆஸ்பிரினைப் பிள்ளைகளுக்கு மட்டும் காய்ச்சலுக்காகக் கொடுத்துவிடாதீர்கள், வைரஸ் காய்ச்சலில் அது மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரை நோய்க்கு வழிவிடலாம்.)

இவ்வளவு சிரமப்பட்டுச் சூட்டைக் கூட்டுவதில் உடம்புக்கு என்ன லாபம்? 1970-களின் நடுவில் அமெரிக்காவில் மேத்யூ குளூகரும் சகாக்களும் பாலைவன இகுவானாக்களை வைத்து இதைச் சோதித்தார்கள். இகுவானா ஓணான் இனத்துப் பிராணி, அதற்கு நடுங்கிச் சூடேற்றத் தெரியாது. பாக்டீரியாவைச் செலுத்தியதும் அவை செய்த காரியம், சூடான இடமாகப் பார்த்துப் போய் உட்கார்ந்துகொண்டன. சூட்டில் வைக்கப்பட்டவை அதிகமாகப் பிழைத்தன, குளிர்ந்த இடத்தில் அடைக்கப்பட்டவை அதிகமாகச் செத்தன. எனக்கு இந்தச் சோதனை ரொம்பப் பிடித்துவிட்டது. அந்த ஓணான் வெயிலுக்கு நடந்து போனது. நான் மூன்று போர்வைக்குள் புகுந்தேன்.

சரி, போர்வைக் கேள்விக்கு வருகிறேன். வார்டுக்கு வந்தபோது அந்த டாக்டரிடமே கேட்டேன். 2005-இல் ஜப்பானிய மருத்துவர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வைச் சொன்னார். காய்ச்சலோடு அவசரப் பிரிவுக்கு வந்த 526 பேரிடம் எவ்வளவு குளிரியது என்று விசாரித்திருக்கிறார்கள். மேலே ஒரு சட்டை கூடப் போட்டுக்கொள்ள வேண்டும்போல் இருந்தால் லேசான குளிர். கனமான போர்வை தேவைப்பட்டால் நடுத்தரம். கனமான போர்வைக்குள்ளும் உடம்பு முழுக்க உதறினால் மூன்றாவது வகை. குளிரே இல்லாதவர்களோடு ஒப்பிட்டால், நடுத்தரக் குளிர் உள்ளவர்களுக்கு ரத்தத்தில் பாக்டீரியா இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு. உதறியவர்களுக்கு ஏறக்குறைய 12 மடங்கு.

ஒரு ஸ்கேன் இல்லை, ஊசி இல்லை. ஒரு கேள்வி. இவ்வளவு மலிவான பரிசோதனை மருத்துவத்தில் வேறு எத்தனை இருக்கிறது என்று தெரியவில்லை.

இதற்காக உதறல் வந்தவர்களுக்கெல்லாம் ரத்தத்தில் கிருமி என்று அர்த்தமில்லை. ஃப்ளூவிலும் உதறும், நிமோனியாவிலும் உதறும், தடுப்பூசி போட்ட அன்று இரவு சிலருக்கு நன்றாகவே உதறும். எனக்கே இரண்டாம் நாள் இரவு இன்னொரு முறை வந்தது, பத்தே நிமிடம், ஒரே போர்வை. மருந்து பிடித்துக்கொண்டிருக்கிறது என்றார்கள்.

முறைக்காய்ச்சல் என்று பழைய தமிழில் ஒரு சொல் உண்டு. முறை வைத்து வரும் காய்ச்சல், நாம் இன்று மலேரியா என்பது பெரும்பாலும் அதில் அடக்கம். ஒரு மணி நேரம் வரை குளிரில் உதறல், பிறகு சில மணி நேரக் கொதிப்பு, பிறகு வியர்வை. மறுநாள் ஒன்றுமே நடக்காததுபோல் எழுந்து நடமாடலாம். மூன்றாம் நாள் அதே நேரத்துக்குத் திரும்ப வரும். ஒட்டுண்ணிகள் ரத்தச் சிவப்பணுக்களுக்குள் பெருகி, ஒரே சமயத்தில் அவற்றை உடைத்துக்கொண்டு வெளியேறும் வேளையும் உதறல் வரும் வேளையும் ஒன்றுதான் என்று இத்தாலிய மருத்துவர் கமிலோ கோல்ஜி 1880-களில் கண்டுபிடித்தார். சில வகைக்கு 48 மணி நேரம், ஒரு வகைக்கு 72. ஒட்டுண்ணியைக் கண்ணால் காண்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அந்த முறையை மக்கள் கவனித்து அதற்குப் பெயரும் வைத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் கழித்து, மறுபரிசோதனைக்காக அதே மருத்துவமனை வராந்தாவில் காத்திருந்தபோது மறுபடி நடுங்கியது. கை கால் சில்லிட்டது, உடல் ஆடியது, மூச்சு வாங்கியது. திரும்ப வந்துவிட்டது என்றே நினைத்தேன். ஆனால் உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது, அந்த இரவில் இல்லாத ஒன்று. நெஞ்சு படபடத்தது, செத்துவிடுவேன் என்று ஒரு நிச்சயம் வேறு. கால் மணி நேரத்தில் எல்லாம் வடிந்துவிட்டது. ஒரு மணி கழித்தும் வெப்பம் அதே 98.4. பீதி. அட்ரினலின் ஒரேயடியாகச் சுரந்து தசைகளை ஆட்டிவைக்கிறது, வேக வேகமாக மூச்சு விடுவதால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து விரல் மதமதக்கிறது. முதல் இரவில் என் கணவர் கேட்ட "பயந்துட்டியா?" என்ற கேள்விக்கு, இரண்டு மாதம் தாமதமாக ஆமாம் என்று பதில் கிடைத்தது. இதைக் கேவலமாக நினைக்க ஒன்றுமில்லை. அடிக்கடி வந்தால் இதற்கும் சிகிச்சை உண்டு, நல்ல பலனும் உண்டு.

அப்பாவுக்கு வருவது வேறு நடுக்கம். இன்சுலின் போட்டுக்கொண்டு சாப்பிட மறந்த ஒரு நாள், கை நடுங்க உட்கார்ந்திருந்தார். தொட்டால் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. அந்த ஈரம்தான் துப்பு. காய்ச்சல் ஏறும்போது வரும் உதறலில் தோல் வறண்டு கிடக்கும், சர்க்கரை இறங்கும்போது வியர்த்து ஊற்றும், பசிக்கும், சம்பந்தமில்லாமல் கோபமும் வரும். ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் 15 கிராம் சர்க்கரையோ குளுக்கோஸோ கொடுத்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, புரை ஏறிவிடும். ரத்த அழுத்தத்துக்குச் சில பீட்டா பிளாக்கர் மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த நடுக்கமே வெளியே தெரியாமல் போகலாம் என்பதும் அப்போது தெரிந்துகொண்டதுதான்.

தங்கைக்கு சிசேரியன் முடிந்து வெளியே கொண்டுவந்தபோது அவளும் கிடுகிடுவென்று ஆடினாள். மயக்க மருந்து உடம்பின் வெப்பக் கட்டுப்பாட்டைத் தளர்த்திவிடுவதால் அறுவைக்குப் பிறகு இது சகஜம். சூடான காற்றுப் போர்வை போட்டார்கள், அடங்கிவிட்டது.

டாக்டர் என்னிடம் முதலில் நினைவு இருந்ததா என்று கேட்டது வலிப்பைக் கழித்துப் பார்க்கத்தான். குளிர் உதறலில் எவ்வளவு மோசமாக ஆடினாலும் ஆள் இருப்பார், பெயர் சொன்னால் திரும்பிப் பார்ப்பார், திக்கித் திக்கியாவது பேசுவார். உடல் முழுவதும் வெட்டும் வலிப்பில் நினைவு இருக்காது, பிறகு கேட்டால் ஒன்றும் ஞாபகம் வராது, கொஞ்ச நேரம் குழப்பமாக இருப்பார்கள்.

உதறலோடு குழப்பமோ பிதற்றலோ சேர்ந்தால், மூச்சு வேகமெடுத்தால், சிறுநீர் குறைந்தால், தோல் திட்டுத்திட்டாகக் கறுத்தோ வெளுத்தோ போனால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கண் மஞ்சளாகி வலது மேல்வயிற்றில் வலியும் இருந்தால் பித்தக் குழாயில் தொற்றாக இருக்கலாம். 1877-இலேயே ஷார்கோ என்ற பிரெஞ்சு மருத்துவர் இந்த மூன்றையும் சேர்த்து எழுதிவைத்தார், இன்றும் அவர் பெயரில்தான் சொல்கிறார்கள். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்கிறவர்கள், டயாலிசிஸுக்காக உடம்பில் குழாய் வைத்திருப்பவர்கள் ஒரு முறை உதறினாலே போய்விட வேண்டும். கைக்குழந்தைகள் விஷயம் தனி. பிறந்த குழந்தைக்கு நடுங்கவே தெரியாது, பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் சூடுண்டாக்கிக்கொள்ளும். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் என்றாலே அது அவசரம். முதியவர்களிடம் இதற்கு நேர் எதிர்த் தொல்லை: தொற்று முற்றியிருந்தாலும் தெர்மாமீட்டர் ஏறாமலே இருக்கலாம்.

போன மாதம் இரவு ஒரு மணிக்குத் தம்பி அழைத்தான்.

"அக்கா, தூங்கிட்டியா? அத்தைக்கு ரொம்பக் குளிருதாம். அளந்து பாத்துட்டேன், காய்ச்சல் எல்லாம் இல்லை. காலைல பாத்துக்கலாம்ல?" அத்தை என்று அவன் சொன்னது அவன் மாமியாரை, எழுபதைத் தாண்டியவர்.

"எத்தனை போர்வை போர்த்தியிருக்கே?"

"என்னது?"

"போர்வைடா. எத்தனை?"

எண்ணுகிறான் போலிருந்தது. பின்னால் கட்டில் தடதடக்கும் சத்தம் எனக்கே கேட்டது.

"நாலு. அதுக்கு மேல இவ வேற அமுக்கிப் பிடிச்சுட்டு உக்காந்திருக்கா."

"வண்டியை எடு," என்றேன்.